புயல்மணி அடிக்கும் முறை

கரித்தோன் தன் மனைவியை முகத்தில் அடிக்கமாட்டான். அதில் அவனுக்கு ஒரு பெருமைகூட உண்டு. "நான் என்ன காட்டுமிராண்டியா? மூஞ்சி ஊரு பாக்குற இடமாச்சே" என்று வோட்காக் கடையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறான். முதுகு, இடுப்பு, தொடை என்று கல்யாணமான நாளிலிருந்து அவன் சாட்டை அறியாத இடம் உஸ்தீன்யாவின் உடம்பில் இல்லை. முகத்தை மட்டும் விட்டுவைத்திருந்தான். வெண்ணெய் வாரத்துச் சனிக்கிழமை அதுவும் போயிற்று.

காரணம் ஓர் அப்பம்.

பெருநோன்பு தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை பாலும் வெண்ணெயும் கண்ணில் படாது. அதனால் அதற்கு முந்தைய வெண்ணெய் வாரம் முழுவதும் லுஸ்கினோ கிராமத்தில் வீட்டுக்கு வீடு அப்பம் சுடுகிற வாசம்தான். கரித்தோன் மட்டும் திங்கள்கிழமை தொடங்கி வெள்ளி வரை குடித்துவிட்டு ஊருக்குள் வீடு வீடாகத் திரிந்தான். சனிக்கிழமை காலையில் நல்ல மனநிலையில் எழுந்து, "எங்கேடி அப்பம்?" என்றான். உஸ்தீன்யா மாவைக் கரைத்தாள். முதல் அப்பத்தைச் சட்டியிலிருந்து எடுத்து, ஜன்னலைத் திறந்து, வெளித்திட்டின் மேல் வைத்தாள். அந்த வீட்டில் இறந்துபோனவர்களுக்கு அது. எல்லா வீட்டிலும் அப்படித்தான் வைப்பார்கள்.

"யாருக்குடி அது?"

"நம்ம வீட்டுல போனவங்களுக்கு."

"எங்கப்பனுக்கா? அந்த ஆளு பல்லே இல்லாம செத்தாரு. நல்லா வேக வச்சியா?" என்று சிரித்தான்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"லூகாவுக்கு" என்று வந்துவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன் அறுவடை நாளில், முற்றத்தில் வைத்து அவன் கர்ப்பிணியாயிருந்த அவளை வயிற்றில் உதைத்தான். அன்று மாலையே குழந்தை பிறந்துவிட்டது. ஞானஸ்நானத்துக்குப் பாதிரியாரை அழைத்துவர நேரமில்லை. பக்கத்து வீட்டு விதவை மலானியா தன் வாளித் தண்ணீரைக் கையால் அள்ளி அதன் தலையில் ஊற்றி, அவசரத்தில் வாயில் வந்த பெயரை வைத்தாள். லூகா அந்தத் தண்ணீர் காய்வதற்குள் போய்விட்டான். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

கரித்தோன் அடுப்பிலிருந்த சட்டிப்பிடியைக் கையில் எடுத்தான். நீளமான மரப்பிடி, முனையில் இரும்பு. அது அவள் கண்ணுக்குக் கீழே இறங்கியது. இரண்டாவது அடியில் உதடு பிளந்தது. ரத்தம் மாவுக் கலயத்துக்குள் சொட்டியது. கீழே விழுந்தவளை இரண்டு பின்னல்களையும் சேர்த்துப் பிடித்துக் கதவு வரை இழுத்தான். கதவருகே விலாவில் உதைத்தான்.

"எனக்குச் சொல்லிக் காட்டுறியா? ஜன்னல்ல வச்சு ஊருக்கே காட்டுறியா? நான் கொன்னேன்னு சொல்றியா? சொல்லுடி!"

அவன் வெளியே போய், திட்டின் மேலிருந்த அப்பத்தை எடுத்து முற்றத்துப் பனியில் விட்டெறிந்தான். திரும்பி வந்து அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் ஒரு கணம் திகைத்து நின்றான். நாளைக்கு மன்னிப்பு ஞாயிறு. நோன்புக்கு முந்தைய நாள். ஊரே வீடு வீடாகப் போய் ஒருவர் காலில் ஒருவர் விழும். இந்த முகத்தை எல்லாரும் பார்ப்பார்கள்.

அவளுடைய தலைத்துணி, கம்பளி பூட்ஸ், மரப்பட்டைச் செருப்பு, ஆட்டுத்தோல் மேலங்கி எல்லாவற்றையும் வாரிப் பெட்டியில் போட்டுப் பூட்டினான். சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"வீங்கினது வடியுற வரைக்கும் வெளிய காலெடுத்து வச்சே, அந்தக் காலை ஒடிச்சுடுவேன். கேட்டா காய்ச்சல்னு சொல்லிக்கிறேன்."

சந்தைக்குப் போவதற்காக அவன் குதிரையைப் பனிவண்டியில் பூட்டுகிற சத்தம் கேட்டது. உஸ்தீன்யா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசல்நிலை வரை வந்தாள்.

"இந்த வாரம் கயிறு நம்ம முறைங்க. காத்து கெளம்பிட்டா?"

லுஸ்கினோவைச் சுற்றி நாலு பக்கமும் வெட்டவெளி. பனிப்புயலில் வழியில் இருப்பவர்களுக்குத் திசை காட்ட ஒரே துணை கோயில் மணிதான். குளிர்காலம் முழுக்க அந்த வேலை வீட்டுக்கு வீடு மாறி வரும். முறை வந்த வீட்டுக்காரன் அந்த வாரம் ஊரைவிட்டு அசையக் கூடாது.

கரித்தோன் வானத்தை அண்ணாந்து பார்த்தான். "கண்ணாடி மாதிரி கெடக்கு. புயல் வந்தா நீ மூக்கைச் சிந்து, அதுவே டவுன் வரைக்கும் கேக்கும்" என்றான். பிறகு, ஏதும் செய்யாத கால்காவின் விலாவில் ஒரு சாட்டை வைத்தான். கிழட்டுக் கருப்புக் குதிரை அது. உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு வண்டியை இழுத்துப் போயிற்று.

அவன் போனதும் உஸ்தீன்யா மூலையிலிருந்த புனித நிக்கோலாஸ் படத்துக்கு முன்னால் மண்டியிட்டாள்.

அவளை நல்லவள் என்று சொல்லித்தான் இந்தக் கதையைச் சொல்ல ஆசை. ஆனால் நடந்தது நடந்தபடிதான் சொல்லவேண்டும். மூன்று வருடமாக, கரித்தோன் எப்போது வண்டி கட்டினாலும், அவள் அந்தப் படத்தின் முன் மண்டியிட்டு ஒரே ஒரு ஜெபத்தைத்தான் சொல்லி வந்தாள். அவன் திரும்பி வரக் கூடாது. வழியில் ஏதாவது ஆகட்டும். ஓநாயோ, ஆற்றில் உடையும் பனிக்கட்டியோ, எதுவாக இருந்தாலும் சரி. அன்றும் அதைத்தான் சொன்னாள். உதடு வீங்கியிருந்ததால் வார்த்தை சரியாக வரவில்லை. நிக்கோலாஸுக்குப் புரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மதியம் திரும்பியதும் காற்று எழுந்தது.

முதலில் கூரை ஓரத்துப் பனி தூளாகப் பறந்தது. அப்புறம் எதிர்வீடு மறைந்தது. பிறகு வேலி மறைந்தது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஏதோ ஒன்று ஓலமிட்டுக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது. உஸ்தீன்யா உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தாள். அவன் இந்நேரம் சந்தையிலிருந்து கிளம்பியிருப்பான். குடித்திருப்பான். வழியில் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. மணி கேட்டால் அதற்கு இடப்பக்கம் திரும்பலாம். கேட்காவிட்டால் நேரே உள்ளேதான்.

மணி கேட்காது. மணியடிக்க வேண்டிய ஆளே வழியில் இருக்கிறான். கோயில் காவலாளி மார்புச் சளியோடு, படுக்கையாகவும் உதவும் பெரிய செங்கல் அடுப்பின் மேல் கிடக்கிறான். கரித்தோன் ஊரில் இல்லை என்று யாருக்கும் தெரியாது. அவனே போய் அடிப்பான் என்று ஊர் அப்பம் தின்றுகொண்டிருக்கும். அவளை யார் குறை சொல்ல முடியும்? பூட்ஸ் இல்லை. மேலங்கி இல்லை. கல்யாணமான பெண் தலைத்துணி இல்லாமல் தெருவில் இறங்குவது துணியே இல்லாமல் இறங்குவதற்குச் சமம். பூட்டி வைத்தது யார்? அவனேதான். சாவி அவன் இடுப்பில்தான் இருக்கிறது. பாதிரியார்கூட, உன் மேல் தப்பில்லை மகளே என்றுதான் சொல்வார்.

எழுந்து, ரத்தம் விழுந்த மாவைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்தாள். அப்பம் சுட்டாள். அதை மேசையில் வைத்து, மேல் நிறைய வெண்ணெய் தடவி, நாற்காலியில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டாள். அந்த வீட்டில் அவள் மேசையில் உட்கார்ந்து, சூடாக, பயமில்லாமல் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. உதடு எரிந்தது. இன்னொன்றும் சாப்பிட்டாள். இவ்வளவு ருசியாக இருக்குமா என்றிருந்தது.

மூன்றாவதைக் கையில் எடுத்தபோதுதான் கால்காவின் நினைவு வந்தது.

காலையில் தண்ணீர் காட்டப் போனால் அந்தக் குதிரை தன் முகத்தைக் கொண்டுவந்து அவள் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும். அதன் விலாவிலும் அதே சாட்டையின் தழும்புகள். எந்தத் தழும்பு எந்த நாள் விழுந்தது என்று உஸ்தீன்யாவால் சொல்ல முடியும். பள்ளத்தின் விளிம்பில் அது நிற்கப் பார்க்கும். குதிரைக்குத் தெரியும். அவன் நிற்க விடமாட்டான்.

"அவரை எடுத்துக்கோ நிக்கோலாஸ் அப்பா. கால்காவை விட்டுடு" என்று சத்தமாகவே சொன்னாள். சொன்ன பிறகு தனக்கே அசட்டுத்தனமாகப் பட்டது. ஒரே கடிவாளம், ஒரே வண்டி. புனிதர் எங்கிருந்து பிரிப்பார்?

அப்பத்தைக் கீழே வைத்தாள். கோணிச் சாக்கைக் கிழித்துக் காலில் சுற்றிக் கட்டினாள். மாவுப்பையை உதறித் தலையில் போட்டுக்கொண்டாள். வேலியைத் தாண்டும் முன்பே காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. இரண்டு பின்னலும் காற்றில் அடிக்க, வேலி வேலியாகத் தடவிக்கொண்டு கோயிலை நோக்கி நடந்தாள்.

கயிறு கோபுரத்துக்குக் கீழே, சின்ன முகப்பில் தொங்கும். புயல்மணிக்கு ஒரு முறை உண்டு. ஓர் அடி. பிறகு, "ஆண்டவரே இரக்கமாயிரும்" என்று மெதுவாக மூன்று தடவை சொல்லும் அளவுக்கு இடைவெளி. பிறகு இன்னோர் அடி. அப்போதுதான் வழியில் இருப்பவன் நின்று காது கொடுத்துத் திசையைப் பிடிக்க முடியும். உஸ்தீன்யா அதே முறையில்தான் ஆரம்பித்தாள். அடித்தாள். ஜெபம் சொன்னாள். அடித்தாள்.

எத்தனையாவது அடியில் ஜெபம் நின்றது என்று அவளுக்கே தெரியாது. கைக்குள் ஏதோ புகுந்துகொண்டது. இது முதுகுக்கு. இது விலாவுக்கு. இது எனக்காக அப்பா வந்து கெஞ்சி நின்ற அன்றைக்கு. இது வயிற்றுக்கு. இது லூகாவுக்கு. இதுவும் லூகாவுக்கு. கயிறு உள்ளங்கைத் தோலை உரித்தது. அவள் நிறுத்தவில்லை. மேலே பெரிய மணி இடைவெளியே இல்லாமல் அலறியது. அவள் வாழ்நாளில் யாரையும் திருப்பி அடித்ததில்லை. அந்த மணியைத்தான் அடித்தாள்.

லுஸ்கினோவில் குழந்தைகூட அறிந்த விஷயம், விட்டு விட்டு அடித்தால் புயல், விடாமல் அடித்தால் நெருப்பு.

ஊர் முழுக்கக் கதவுகள் திறந்தன. ஒவ்வொரு வீட்டு வாசற்கதவிலும் ஒரு பலகை உண்டு. தீப்பிடித்தால் அந்த வீட்டுக்காரன் எதைத் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும் என்று அதில் படமாகவே வரைந்திருக்கும். ஒரு வீட்டில் கோடாலி, ஒரு வீட்டில் ஏணி. மலானியா வீட்டில் வாளி. ஊர்த்தலைவர் யெவ்ஸேய் வீட்டில், எரிகிற கூரையைப் பிடித்து இழுக்கும் நீளக் கொக்கிக்கழி. அத்தனையும் பனியைக் கிழித்துக்கொண்டு கோயிலுக்கு வந்து சேர்ந்தன.

"எங்கேய்யா நெருப்பு? யாரு வீடு?"

"புகையே காணோமே!"

"அப்பத்தைச் சட்டியிலயே விட்டுட்டு ஓடியாந்தேன். இப்ப எரியறது என் வீடாத்தான் இருக்கும்!"

"ஏய், யாரு அது கயித்துல? நிறுத்து! பொம்பளையா? தலையில துணிகூட இல்லாம... குடிச்சிருக்காளாடா?"

யெவ்ஸேய் தாடியில் வெண்ணெயோடு முன்னால் வந்தார். உஸ்தீன்யாவின் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினார். திட்டுவதற்காக வாயைத் திறந்தபடியே விளக்கை அவள் முகத்துக்கு நேரே தூக்கினார். வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாக் காதும் கேட்டதுதான். ஆனால் முதுகு துணிக்குள்ளே இருக்கும். கண்ணால் காணாததற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று ஊர் இத்தனை வருடம் வசதியாக இருந்துவிட்டது. இப்போது ஒரு கண் மூடிப்போய், உதடு இரண்டாகி, தலைமுடி பனியில் விறைத்து அந்த முகம் ஊருக்கு நடுவில் நின்றது.

"கரித்தோன் எங்கேம்மா?" என்றார் யெவ்ஸேய், குரலைத் தணித்துக்கொண்டு.

"சந்தைக்குப் போனாரு. வழியில இருக்காரு மாமா. கால்கா வழியில இருக்கு."

"அடப்பாவி, முறையை வச்சுக்கிட்டா போனான்?" கழியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கயிற்றை அவரே எடுத்தார். ஓர் அடி. இடைவெளி. ஓர் அடி.

வாளியோடு நின்ற மலானியா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். அந்த ஊரில் அவள் நாக்குக்குப் பயப்படாதவர் இல்லை. வாளியைக் கீழே வைத்தாள். தன் தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்து, உஸ்தீன்யாவின் தலையில் போட்டு, மோவாய்க்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். அவளுடைய நரைத்த சின்னக் கொண்டை அத்தனை ஆண்களுக்கு முன்னால் வெறுமனே நின்றது.

"அத்தை, உங்க தலை..."

"என் முடியைப் பாத்து எவனுக்காவது மயக்கம் வந்தா வரட்டும்டி. வாளியில பனி இருக்கு, தெளிச்சு எழுப்பிக்கலாம்."

ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அப்போது வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கனைப்பு கேட்டது. கால்கா வந்துகொண்டிருந்தது. முகமெல்லாம் பனிக்கட்டி. பின்னால் வண்டி. வண்டியில், கடிவாளத்தை முழங்கையில் சுற்றிக்கொண்டு, கட்டை மாதிரி கரித்தோன். பள்ளத்துக்கு நேரே போய்க்கொண்டிருந்த வண்டியைக் குதிரைதான் மணிச்சத்தத்துக்குத் திருப்பியிருக்கிறது. அதற்கும் அவன் அடித்திருக்கிறான். அதன் முதுகில் புதுக் கோடுகள் ரத்தமாக உறைந்திருந்தன.

நாலு பேர் கைகொடுத்து இறக்கினார்கள். அவன் நின்றான். கண்ணைக் கசக்கினான். விளக்கு வெளிச்சம், கூட்டம், கோடாலிகள், நடுவில் தன் மனைவி. பிழைத்து வந்த மனிதன் முதலில் என்ன சொல்வான்? கடவுளே என்பான். தண்ணீர் என்பான். கரித்தோன் சொன்னது:

"இவளை யாரு வெளிய விட்டது?"

சாட்டை அதன் வாரால் மணிக்கட்டில்தான் மாட்டியிருந்தது. கையை அப்படியே வீசினான். முதல் வீச்சு உஸ்தீன்யாவின் தோளில் விழுந்தது. இரண்டாவதற்கு மலானியா குறுக்கே வந்துவிட்டாள். சாட்டை நுனி அவளுடைய வெறும் தலையில் இறங்கிக் காதைக் கிழித்தது. நரைமுடி சிவந்தது. மலானியா கத்தவில்லை. காதைத் தொட்டுக் கையைப் பார்த்தாள்.

"நெருப்பு எங்கே எங்கேன்னு கேட்டீங்களே?" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "இதோ எரியுது. எதுக்குடா இதையெல்லாம் தூக்கிட்டு வந்து நிக்கிறீங்க?"

வாளியிலிருந்த பனி முழுவதையும் அவன் முகத்தில் கொட்டினாள்.

மணி நின்றது. யெவ்ஸேய் கயிற்றை விட்டுவிட்டுக் கழியை எடுத்திருந்தார். கொக்கி சாட்டையைப் பிடித்து இழுத்தது. கரித்தோன் அதோடு சேர்ந்து முகங்குப்புற விழுந்தான். அதற்குமேல் யாரும் யாருடைய சொல்லுக்கும் காத்திருக்கவில்லை. முதலில் ஒருவன் உதைத்தான். பிறகு பத்துப்பேர். ஏணிக்காரன் ஏணியைப் போட்டுவிட்டு வந்து உதைத்தான். ஒரு வாரக் குடியும், பயந்து ஓடிவந்த கோபமும், இத்தனை வருடம் சும்மா இருந்த வெட்கமும் எல்லாம் காலில் வந்து சேர்ந்திருந்தன. "கொல்லுடா நாயை!" என்றான் ஒருவன். கோடாலியின் பின்புறம் உயர்ந்து கரித்தோனின் முதுகில் இறங்கியது. ஏதோ முறிகிற சத்தம். இன்னொரு கோடாலி உயர்ந்தது. அது எந்தப் பக்கமாக இறங்கும் என்று பிடித்திருந்தவனுக்கே தெரியவில்லை.

மூன்று வருட ஜெபம் உஸ்தீன்யாவின் கண்ணெதிரே நிறைவேறிக்கொண்டிருந்தது. அவள் வாயே திறக்க வேண்டாம். பூட்ஸ் இல்லை, தலைத்துணி இல்லை என்ற சாக்குக்கூட வேண்டாம். சும்மா நின்றால் போதும்.

அவன் கை, உதைக்கிற கால்களுக்கு நடுவே நீட்டிக்கொண்டு கிடந்தது. விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. யாரோ மிதித்தார்கள். விரல் மடங்கவே இல்லை.

"கையைப் பாருங்க!" என்று கத்தினாள். "ஐயோ, அவர் கையைப் பாருங்க, பனியில விறைச்சுப் போச்சு!"

அந்தக் கால்களுக்குள் புகுந்து அவள் குனிந்தாள். ஓர் உதை அவளுக்கும் விழுந்தது. கோடாலிக்காரன் கையை மேலேயே நிறுத்திக்கொண்டான். அவள் பனியை அள்ளி, அந்தக் கையைத் தன் மடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். விறைத்த கையை உடனே தேய்க்காவிட்டால் வசந்தத்துக்குள் விரல்களை வெட்ட வேண்டிவரும் என்பார்கள். அந்த ஊரில் யார் விரல் விறைத்துக் கிடந்தாலும் பக்கத்தில் இருப்பவன் பனியை அள்ளிவிடுவான். அவளும் அள்ளினாள்.

"தள்ளும்மா. இவனுக்கா பாக்குறே?" என்றான் கோடாலிக்காரன்.

"அடிக்கறது அவருக்குத் தெரிஞ்ச வேலை. நீங்களும் அதையே செஞ்சா, நான் எதுக்கு மணி அடிச்சேன்?" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். உரிந்த உள்ளங்கையின் ரத்தம் அவன் விரல்களில் ஒட்டியது.

கோடாலி கீழே வந்தது. மலானியா முணுமுணுத்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தாள். அடுத்த கையை எடுத்தாள். "உனக்காக இல்லடா. இவ ஒருத்தி ரெண்டு கையைத் தேய்க்க முடியாதேன்னுதான்." கரித்தோன் பல் உடைந்த வாயோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கையில் உணர்வு திரும்பத் திரும்ப, வலி தாங்காமல் குழந்தை போல அழுதான்.

அன்று உஸ்தீன்யா மலானியாவின் வீட்டில்தான் படுத்தாள். கால்காவையும் அங்கேயே கட்டினார்கள்.

மன்னிப்பு ஞாயிறு விடிந்தது. காற்று ஓய்ந்திருந்தது. மலானியாவின் கதவை முதலில் தட்டியவர் யெவ்ஸேய். தொப்பியைக் கழற்றிவிட்டு, அத்தனை பெரிய உடம்போடு உஸ்தீன்யாவின் முன்னால் தரையில் நெற்றி படக் குனிந்தார்.

"உங்கப்பா என் வாசல்ல வந்து நின்னாரு. புருஷன் பொண்டாட்டி விஷயம்னு அனுப்பிட்டேன். மன்னிச்சுடு தாயி."

"கடவுள் மன்னிப்பார் மாமா" என்றாள். அந்த நாளில் எல்லாரும் சொல்லும் பதில் அதுதான். எழுந்து போகும்போது, "நீ இங்கயே இரு. அவன் வந்து கூச்சல் போட்டா ஊர் பாத்துக்கும்" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மாலை வழிபாட்டுக்குச் சற்று முன்பு கதவு உதைபட்டது. உஸ்தீன்யாவின் உடம்பு தானாகச் சுவரோரம் ஒடுங்கியது. மலானியா அடுப்புக்கோலை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

கரித்தோன்தான். இரண்டு கையும் வாத்துக் கொழுப்புத் தடவிக் கந்தல் சுற்றி, பெரிய உருண்டைகளாக இருந்தன. முதுகை நிமிர்த்த முடியவில்லை. இரண்டு முழங்கைக்கும் நடுவில் கம்பளி பூட்ஸ், மேலங்கி, தலைத்துணி எல்லாவற்றையும் அணைத்துப் பிடித்திருந்தான்.

"தட்டத்தான் உதைச்சேன். கை இல்ல" என்றான்.

"உள்ள வா. காலைத் தூக்காம வா" என்றாள் மலானியா. கோலைக் கீழே வைக்கவில்லை.

துணிகளைத் தரையில் போட்டான். மண்டியிடவே நேரம் ஆயிற்று. நெற்றி தரையில் இடித்தது.

"மன்னிச்சுடு."

உஸ்தீன்யாவும் அவன் எதிரே மண்டியிட்டாள். அவளும் குனிந்தாள்.

"என்னை மன்னிச்சுடுங்க. நீங்க சாகணும்னு ஜெபம் பண்ணினேன்."

"நேத்தா?"

"மூணு வருஷமா."

அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். உடைந்த பல்லுக்கு நடுவே மூச்சு விசில் அடித்தது. "அப்புறம் எதுக்கு மணி அடிச்சே?"

"கால்காவுக்காக."

மலானியா திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். கரித்தோனின் கழுத்து நரம்பு புடைத்தது. கந்தலுக்குள் கை மூடப் பார்த்தது, மூட முடியவில்லை. வலியில் முகம் கோணியது. அவன் தன் கையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடவுள் மன்னிப்பார்" என்றான் கடைசியில்.

"உங்களையும் கடவுள் மன்னிப்பார்."

"அப்ப வா, வீட்டுக்குப் போலாம்."

"கடவுள் மன்னிப்பார்னுதான் சொன்னேன். வர்றேன்னு சொல்லல" என்றாள் உஸ்தீன்யா.

மலானியாவின் கையில் அடுப்புக்கோல் தயாராக இருந்தது. ஆனால் அவன் எழுந்திருக்கவே முடியாமல் தடுமாறினான். கடைசியில் மலானியாதான் அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னான்: "மறுபடி காத்து கெளம்புது. இன்னிக்கு முடியுற வரைக்கும் கயிறு நம்ம முறை. என்னால புடிக்க முடியாது."

"தெரியும்" என்றாள்.

பூட்ஸை மாட்டிக்கொண்டாள். தன் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, மலானியாவின் துணியை மடித்து அவளிடம் கொடுத்தாள். உரிந்த கைகளில் மலானியா பழைய துணியைச் சுற்றிவிட்டாள்.

கோயிலுக்குப் போகிற வழியில்தான் அவர்கள் வீடு. உஸ்தீன்யா நிற்காமல்தான் நடந்தாள். ஜன்னல் திட்டைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. கண்ணில் பட்டது. நேற்றைய அப்பம் அங்கே இருந்தது. பனியில் உறைந்து, ஓரம் பிய்ந்து, கோணலாக இருந்தது. விரல் மடங்காத இரண்டு கைகளால் பனியைக் கிளறி எடுத்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கீழே முற்றத்தில் முழங்கால் பதிந்த தடங்கள்.

அவள் சற்று நின்றாள். வாசற்கதவைத் திறக்கவில்லை. திட்டில் கை எட்டியது. அப்பம் காற்றில் விழுந்துவிடாதபடி அதைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

கயிற்றைப் பிடித்தபோது உள்ளங்கை எரிந்தது. கரித்தோன் பின்னாலேயே வந்து, முகப்புப் படியின் கீழே, அவளிடமிருந்து தள்ளி உட்கார்ந்துகொண்டான். வெட்டவெளி மறுபடியும் மறைந்துகொண்டிருந்தது. அங்கே யார் யார் இருக்கிறார்களோ, அவர்களில் நல்லவர் எத்தனை, கெட்டவர் எத்தனை என்று மணிக்குத் தெரியாது.

அவள் ஓர் அடி அடித்தாள். ஜெபத்தை மூன்று தடவை, மெதுவாக, ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள். பிறகு அடுத்த அடி அடித்தாள்.